அப்பா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்த அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி கேட்டு வடசென்னை வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். போர் முடிந்து 80 ஆண்டுகள் தாண்டிவிட்டன. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த அப்பாக்கள் இல்லை. அலுவலகங்களிலும் பழைய கோப்புகள் பெரும்பாலும் இல்லை. வீட்டுப் பரணில் இருக்கும் காகிதத்துக்கு இன்று இருக்கும் மதிப்பு அதனால்தான்.

ராயபுரம் வாசகி: எங்கள் அப்பா 1942 கடைசியில் மிலிட்டரியில் சேர்ந்து 1946-இல் திரும்பினார். பிறகு துறைமுகத்தில் வேலை பார்த்தார். தகரப் பெட்டியில் மூன்று மெடல், சில ஆங்கிலக் காகிதங்கள், கடித உறைகள் இருக்கின்றன. பர்மாவில் இருந்ததாகச் சொல்வார். அவருடைய சர்வீஸ் ரெக்கார்டை யாரிடம் கேட்பது?

கேட்பதற்கு முன் இரண்டு விவரம் கையில் வேண்டும்: அவருடைய ராணுவ எண், அவர் இருந்த பிரிவு. பெயரையும் சேர்ந்த வருஷத்தையும் மட்டும் எழுதிப் போட்டால் ‘விவரம் போதவில்லை’ என்றுதான் பதில் வரும். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். முனுசாமி என்ற பெயரில் மட்டும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட். எண், ரேங்க், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். பல வருஷம் மடித்தே வைத்திருந்ததால் மடிப்பில் கிழிந்திருக்கலாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி மையோடு கலந்து, அந்த வரியையே படிக்க முடியாமல் செய்துவிடும். தாளை விரித்து, மேலே சுத்தமான கண்ணாடி ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ரப்பர் ஸ்டாம்பு, கையால் எழுதிய குறிப்பு எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தோ சாய்கோடோ இருந்தால் அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் எண்ணின் ஒரு பகுதி.

அடுத்தது கடித உறைகள். கடிதத்தைவிட உறைதான் ஆராய்ச்சிக்கு அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து. தணிக்கை இருந்ததால் எங்கே இருக்கிறோம் என்று யாரும் எழுத முடியாது. ‘இங்கு க்ஷேமம், அங்கு க்ஷேமத்துக்குக் கடிதம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் உறையின் மூலையில் அனுப்பியவரின் எண், ரேங்க், கம்பெனி எல்லாம் இருக்கும். முத்திரையில் ஊர்ப் பெயருக்குப் பதில் எஃப்.பி.ஓ. என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும். அது போர்க்களத் தபால் நிலையத்தின் நம்பர். எந்த நம்பர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை சேகரிப்பாளர்கள் பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தபால் நிலையம் படையோடு இடம் மாறிக்கொண்டே இருந்ததால், நம்பரை மட்டும் பார்க்காமல் முத்திரையில் உள்ள தேதியையும் சேர்த்துப் பாருங்கள். உறையில் எம்.இ.எஃப். என்று இருந்தால் மத்திய கிழக்கு, சி.எம்.எஃப். என்றால் இத்தாலிப் பக்கம், பைஃபோர்ஸ் என்றால் ஈராக்–ஈரான், சீயாக் என்றால் பர்மாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியக் கட்டளை.

இவை எதுவும் இல்லையென்றால் போருக்குப் பிந்தைய வேலையின் காகிதங்களைப் பாருங்கள். துறைமுகம், ரயில்வே, போலீஸ், தபால் துறை என அரசுப் பக்கம் வேலைக்குப் போனவர்களின் சர்வீஸ் புக்கில், பென்ஷன் கணக்குக்காக, முந்தைய ராணுவ சேவையை எண்ணோடும் தேதியோடும் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. சர்ச்சில் கல்யாணம் ஆனவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. திருமணப் பதிவேட்டில் மணமகனின் தொழிலுக்கென்று தனிப் பத்தி உண்டு. கல்மண்டபம் புனித பேதுரு ஆலயம் போன்ற பழைய ஆலயங்களில் வருஷமும் பெயரும் சொல்லி, எழுத்து மூலம் கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் தகப்பனார் தொழில் இருக்கும்.

இனி எங்கே எழுதுவது என்பது. தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ஆவண அலுவலகம் இருக்கிறது. பேச்சுவழக்கில் ‘ரெக்கார்ட்ஸ்’ என்பார்கள். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் இன்றைய மெட்ராஸ் என்ஜினியர் குரூப், பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். லாரி, ரேஷன், பெட்ரோல் சப்ளைப் பிரிவான ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் இன்றைய ஏ.எஸ்.சி.யின் தெற்கு ஆவண அலுவலகம், அதுவும் பெங்களூரு. சாலை போட, சுமை இறக்க ஆளெடுத்த பயனியர் பிரிவுக்கும் பெங்களூருதான். மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தளவாடப் பிரிவான ஆர்டனன்ஸுக்கும் வண்டி, இயந்திரம் பழுது பார்க்கும் இ.எம்.இ.க்கும் செகந்திராபாத். கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ், விமானப் படை என்றால் டெல்லி சுப்ரோதோ பார்க். பிரிவு தெரியாமல் பத்து இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயன் இல்லை.

கடிதத்தில் எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ‘சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்’ என்று கேட்டால் அலுவலகம் தேடுவது ஷீட் ரோல் என்ற தனிநபர் கோப்பை. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் கோப்பை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது ராணுவ ஒழுங்குவிதி. உங்கள் அப்பாவைப் போல நாலைந்து வருஷம் இருந்துவிட்டு, போர் முடிந்ததும் ஆட்குறைப்பில் வந்தவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. ஆகவே அவர்களுடைய கோப்பு 1970-களிலேயே போயிருக்க வாய்ப்பு அதிகம். ‘அழிக்கப்பட்டது’ என்ற பதில் வந்ததும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கே நிறுத்தக் கூடாது. லாங் ரோல் என்ற பதிவேடு தனியாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரிதான். ஆனால் எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் போன்ற அடிப்படை விவரங்கள் அந்த ஒரு வரியில் கிடைக்கும். கோப்பு அழிந்த பிறகும் இந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் தருகிறார்கள். எனவே முதல் கடிதத்திலேயே ‘ஷீட் ரோல் நகல், அது இல்லையெனில் லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்’ என்று இரண்டையும் கேளுங்கள்.

கூடவே அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் ஆகியவற்றின் நகல்களை வையுங்கள். மூலத்தை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலேயே செலுத்தலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘மூன்றாம் நபரின் சொந்த விவரம்’ என்று மறுத்தால், முதல் மேல்முறையீட்டில் அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு அந்த மறுப்புக் காரணம் செல்லாது என்று அதில் இருக்கிறது.

பெயர், முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. ஆள் சேர்த்த குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி என்ற பெயர் மூனூசாமி, முனிசாமி, முன்னுஸ்வாமி என்று எப்படியும் இருக்கலாம். இனிஷியல் இருக்காது, தகப்பனார் பெயர் தனியாக இருக்கும். முகவரியும் ராயபுரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்ட பிறகு சென்னையே காலியானது. ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கம் இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயின. அந்த வருஷம் சேர்ந்தவர்கள் கொடுத்த முகவரி செங்கல்பட்டிலோ வட ஆற்காட்டிலோ உள்ள கிராமமாக இருக்கலாம். விண்ணப்பத்தில் இரண்டு ஊரையும் எழுதுங்கள்.

மெடல்களைப் பொறுத்தவரை, ஆறு முனை நட்சத்திரத்தில் ‘பர்மா ஸ்டார்’ என்று இருந்தால் மட்டும் அவர் பர்மாவுக்குள் போனார் என்று சொல்லிவிட முடியாது. 1942 மே முதல் வங்காளம், அசாமில் இருந்தவர்களுக்கும் அதே பதக்கம் கொடுத்தார்கள். சிட்டகாங்கில் லாரி ஓட்டியவருக்கும் கிடைத்திருக்கும். இம்பாலில் முற்றுகைக்குள் இருந்தவருக்கும் கிடைத்திருக்கும். வார் மெடலுக்கு 28 நாள் சேவை போதும். இந்தியா சர்வீஸ் மெடலுக்கோ 1939 செப்டம்பர் 3-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில், சண்டை நடக்காத பகுதியில், மூன்று வருஷம் பணி வேண்டும். 1942 கடைசியில் சேர்ந்தவருக்கு அது கணக்கில் வராது. அது பெட்டியில் இருந்தால் சேர்ந்த தேதி தவறு, அல்லது மெடல் வேறொருவருடையது. விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள்; இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்தவை உண்டு. புளி போட்டோ பிராஸோ போட்டோ தேய்த்தால் முதலில் தேய்ந்து மறைவது அந்த எழுத்துதான்.

தண்டையார்பேட்டை வாசகர்: எங்களிடம் ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. அப்பா யூனிஃபார்மில் நிற்கிறார். இதை வைத்து எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

எண் கிடைக்காது; ஆனால் பிரிவு கிடைக்கலாம். பிரிவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் நல்ல நகல் எடுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படம் என்றால் 600 டி.பி.ஐ., அதைவிடச் சிறியது என்றால் 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் மோடிலேயே ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மங்கிய பழுப்பில் மறைந்திருக்கும் எழுத்து அப்போதுதான் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை பெங்களூரு என்றால் அது பயிற்சிக் காலத்தில் எடுத்ததாக இருக்கலாம். பாக்தாத், கெய்ரோ என்றால் உங்களுக்குப் பாதை கிடைத்துவிட்டது.

பிறகு படம் திருப்பிப் பிரின்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மெடல் ரிப்பன்கள் இடது மார்பில் இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையில் இடது மடிப்பு வலது மடிப்பின் மேல் வரும். இரண்டும் மாறியிருந்தால் நெகட்டிவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கணினியில் திருப்பிய பிறகே எழுத்தைப் படியுங்கள்.

தோள்பட்டையின் ஓரத்தில் பித்தளை எழுத்துகள் இருக்கும். இருப்பதிலேயே உறுதியான சாட்சி அதுதான், ஏனென்றால் பிரிவின் பெயரே சுருக்கமாக அங்கே இருக்கும். ஒளி பட்டு வெள்ளையாகத் தெரிந்தால் ஸ்கேனில் பிரகாசத்தைக் குறைத்துப் பாருங்கள். மூன்று நான்கு எழுத்தில் இரண்டு தெளிந்தாலும் ஊகிக்கலாம்.

புஜத்தில் துணிச் சின்னம் இருந்தால் அது அவர் சார்ந்த டிவிஷனையோ ராணுவத்தையோ காட்டும். சிவப்புக் கழுகு 4-வது இந்திய டிவிஷன். வட ஆப்பிரிக்கா, இத்தாலி. கறுப்புக் கட்டத்தில் வட்டப் பந்து 5-வது. கறுப்பில் மஞ்சள் அம்பு 7-வது. கறுப்புப் பூனை 17-வது, பர்மா. கத்தியை ஓங்கிய கை 19-வது, வட்டத்துக்குள் சண்டைச் சேவல் 23-வது, முக்கோணத்தைத் தாண்டிவரும் புலி 26-வது. கேடயத்தில் தலைகீழாகத் தொங்கும் வாள் என்றால் 14-வது ராணுவம். டிவிஷன் என்பது பல ஆயிரம் பேர் கொண்டது, அதில் எல்லாப் பிரிவும் கலந்திருக்கும். ஆவண அலுவலகத்தை முடிவு செய்யத் தோள் எழுத்தையும், எந்தக் களத்தில் இருந்தார் என்று அறியப் புஜச் சின்னத்தையும் பாருங்கள்.

தொப்பி ஒரு துப்பு, அவ்வளவுதான். உருளை போல நிமிர்ந்து நிற்கும், முன்விளிம்பில்லாத தொப்பி என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நம்பிச் சொல்லலாம். வேறு யாரும் அதைப் போடவில்லை. ஒரு பக்க விளிம்பை மடித்த அகலத் தொப்பி கிழக்குப் பக்கம் அதிகம். ஆனால் அது பர்மாவுக்குச் சான்று ஆகாது. தடித்த கம்பளியில் இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை என்றால் இத்தாலி அல்லது மேற்காசியக் குளிர்காலம் என்று ஊகிக்கலாம். கையில் ‘வி’ வடிவப் பட்டை ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததும் ‘அப்பா ஆபீசர்’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஜமேதாருக்கும் ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு.

ரிப்பனைக் கறுப்பு வெள்ளையில் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்து ஃபிலிம் வகைகளில் ஒன்று சிவப்பை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். கருநீலம், சிவப்பு, இளநீலம் என்ற 1939–45 ஸ்டார் ரிப்பனில் நடுக்கோடுதான் மிகக் கறுப்பாகத் தெரியும். பார்ப்பவர் நிறங்களை மாற்றிப் படித்துவிடுவார். அதே ஸ்டுடியோவில் அதே நாளில் அம்மாவோடு எடுத்த படம் இருந்தால் நெற்றிக் குங்குமத்தைப் பாருங்கள். மை தீட்டியதுபோல் கறுத்திருந்தால் இந்த வகை ஃபிலிமாக இருக்கலாம். பர்மா ஸ்டார் 1945 மே மாதத்தில்தான் உருவாக்கப்பட்டது. அந்த ரிப்பன் மார்பில் இருந்தால் படம் அதற்குப் பிறகு எடுத்தது. ரிப்பனே இல்லையென்றால் ஆள் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: அப்பாவின் ராணுவப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து லேமினேட் செய்யலாமா?

இரண்டும் வேண்டாம். படத்தின் மேல்தோல் ஜெலட்டின். கடலோர ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலும் வெறும் தாள் கையிலும் வரும். தண்ணீரில் ஊற வைப்பதும் ஆபத்து. பின்னால் உள்ள ஆணிகளைக் கழற்றி, அட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியும் படமும் சேர்ந்தபடியே வையுங்கள். அட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ சீட்டோ எழுத்தோ இருப்பதுண்டு.

நகலைக் கண்ணாடி வழியாகவே எடுக்க வேண்டும். பிரின்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை தன் பலகையைத் தொட்டுக் கிடப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பிடிக்கும். நடுவே இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி வந்தால் மங்கிவிடும். கேமராவோ நல்ல போனோ போதும். படத்தைச் சுவரில் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் இரண்டு புறமும் சமமாக விழும்படி செய்து, ஃபிளாஷை அணைத்து, எடுப்பவருக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாது.

லேமினேஷன் என்பது சூடும் பசையும். ஜெலட்டினுக்கு இரண்டும் ஆகாது. ஒருமுறை போட்டால் எடுக்கவும் முடியாது. டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்டுக்கும் இதே பதில்தான். அழுத்து முத்திரை தட்டையாகிவிடும், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேறாது. ஒட்டாத படங்களைத் தனித்தனியாக வெள்ளைப் பருத்தித் தாளில் மடித்து, அட்டைப் பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். படத்தின் பின்னால் பால் பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். 2பி பென்சிலால் ஓரமாக எழுதலாம். யார் யார் என்ற பெயர்களை இந்த மாதமே எழுதிவிடுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய அத்தை, பெரியம்மா இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள்.

பெரம்பூர் வாசகி: மாமனார் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை செய்தவர். காக்கி உடையில் துப்பாக்கியோடு ஒரு படம் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தாரா, இல்லையா என்று வீட்டில் ஒரே விவாதம்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அன்றைய மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்கு ‘ரயில்வே ரைஃபிள்ஸ்’ என்ற துணைப்படை இருந்தது. ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் பலர் அதில் இருந்தார்கள். வேலையும் பார்த்துக்கொண்டு பயிற்சிக்கும் போவார்கள். ஊரை விட்டுப் போயிருக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், ரயில் ஓட்ட, பழுது பார்க்கத் தெரிந்தவர்களை ராணுவமே தன் ரயில்வே கம்பெனிகளுக்கு எடுத்து ஈராக், ஈரான் வரை அனுப்பியது. அப்படிப் போயிருந்தால் ரயில்வே சர்வீஸ் ரிஜிஸ்டரில் அந்த வருஷங்களுக்குத் தனிக் குறிப்பு இருக்க வேண்டும். சம்பள உயர்வு வரிசையில் இரண்டு மூன்று வருஷம் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

துப்பாக்கி இல்லாமல், காக்கியும் கைப்பட்டையும் இரும்புத் தொப்பியும் மட்டும் உள்ள படங்களும் வடசென்னை வீடுகளில் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஏ.ஆர்.பி. எனப்பட்ட வான்தாக்குதல் பாதுகாப்புப் படையினர். 1943 அக்டோபரில் சென்னை மீதே ஒரு ஜப்பானிய விமானம் குண்டு போட்டபோது தெருவில் நின்றவர்கள் அவர்கள்தான். மரியாதைக்குரிய பணி. ஆனால் சிவில் பணி. ராணுவ ரெக்கார்ட்ஸில் தேடினால் கிடைக்காது.

வியாசர்பாடி வாசகர்: அப்பா ரங்கூனில் நேதாஜி படையில் இருந்தார். 1960-களில் அகதியாக வந்தபோது எல்லாக் காகிதமும் போய்விட்டது. ஆதாரம் தேட வழி உண்டா?

முதலில் தெளிவாக வேண்டியது: அவர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்து, சிறைப்பட்டு, பிறகு ஐ.என்.ஏ. எனப்படும் நேதாஜி படைக்கு வந்தவரா, அல்லது பர்மாவில் வேலை செய்துகொண்டிருந்து நேராகத் தொண்டராகச் சேர்ந்தவரா? முதல் வகை என்றால் பழைய ராணுவ எண் இருக்கும், ராயபுரம் வாசகிக்குச் சொன்ன வழி பொருந்தும். பர்மா, மலாயாத் தமிழர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. அவர்களுக்கு இந்திய ராணுவ எண்ணே கிடையாது. ஆவண அலுவலகங்களுக்கு எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

டெல்லியில் ஜன்பத் சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. ஆவணங்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. அதன் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ஆளின் பெயரைப் போட்டுத் தேடி இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். கோப்புத் தலைப்பில் தனிப்பெயர் அரிது. படைப்பிரிவு, முகாம், ஊர் ஆகியவற்றைப் போட்டுத் தேடிக் கோப்பைத் திறந்து உள்ளே இருக்கும் பட்டியலைப் பாருங்கள்.

அவரோ அம்மாவோ எப்போதாவது தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தால் அதுதான் மிக நல்ல தடம், மனு தள்ளுபடியாகியிருந்தாலும் சரி. சிறைச் சான்றோ, உடன் இருந்தவர்களின் சான்றோ வைத்துத்தான் மனுவே கொடுக்க முடியும். அந்தச் சான்றில் முகாம், தேதி, மேலதிகாரி பெயர் எல்லாம் இருக்கும். மாநிலப் பென்ஷன் மனுக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகத்தான் போகும். சென்னைக்கு அது ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. ஆண்டையும் அன்றைய முகவரியையும் சொல்லி ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டையின் எண்ணும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள்.

காசிமேடு வாசகர்: பெரியப்பா போருக்குப் போய்த் திரும்பவே இல்லை. தந்தி ஒன்று வந்ததாகச் சொல்வார்கள். அவர் பெயர் எங்காவது இருக்குமா?

இருக்க வேண்டும். திரும்பி வந்தவர்களைத் தேடுவதைவிட இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பணியில் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் இலவசமாகத் தேடலாம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் கணக்கில் வருவார்கள். ஆகவே போர் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவரையும் தேடிப் பாருங்கள். எண், ரேங்க், பிரிவு, இறந்த தேதி இருக்கும். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும்.

பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு, பிரிவையும் இறந்த வருஷத்தையும் மட்டும் கொடுத்து, ‘கூடுதல் விவரம்’ பத்தியில் உங்கள் ஊரைத் தேடுங்கள். உடலைத் தகனம் செய்தவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறை இருக்காது. நினைவுச் சின்னத்தில் பெயர் இருக்கும். பர்மாவில் என்றால் தாவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம், சுமார் 27,000 பெயர்கள். மலாயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சி. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது, அதில் பெரியப்பா பெயரைத் தேட வேண்டாம்.

எண்ணும் பிரிவும் கிடைத்துவிட்டால், அந்தப் பிரிவின் போர்க்கால நாட்குறிப்பு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று அதன் இணையப் பட்டியலில் பார்க்கலாம். பட்டியலில் தேட வேண்டிய வரிசை எண்கள்: பர்மாக் களம் டபிள்யூ.ஓ. 172, மத்திய கிழக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலி டபிள்யூ.ஓ. 170. சிப்பாயின் பெயர் அதில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அவர் இறந்த நாளில் அந்தப் பிரிவு எந்த ஆற்றங்கரையில் இருந்தது, என்ன நடந்தது என்பது தெரியும். லண்டனில் சிப்பாய்களின் தனிநபர் கோப்பு எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள்.

பெரியம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வந்ததா என்றும் விசாரியுங்கள். வந்திருந்தால் பென்ஷன் ஆணையின் எண்ணை வைத்து, இப்போது பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் உள்ள ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதலாம். பழைய பாஸ் புக், டிரஷரி சீட்டு, மணியார்டர் கூப்பன் எதிலாவது அந்த எண் இருக்கும்.